ஹாப்சன் பேரில் ஒரு தேர்வு: யார் அந்த ஹாப்சன்?

கோர்ட்_குமாஸ்தா, 18 ஜூலை 2023, காலை

ஒரு தீர்ப்பைத் தமிழில் கொடுக்க வேண்டியிருக்கிறது. நடுவில் 'ஹாப்சன்ஸ் சாய்ஸ்' என்று வருகிறது. எந்தப் பக்கம் போனாலும் சுடும் என்று அர்த்தம், 'இருதலைக் கொள்ளி எறும்பு' என்று போட்டுவிடு என்கிறார் சீனியர். ஹாப்சன் ஒரு தத்துவஞானி என்றும் சொன்னார். சரிதானா? அந்தப் பேரில் வேறு பெரிய ஆட்கள் யாரும் உண்டா?

மரப்பெட்டி, 18 ஜூலை, மதியம்

இரண்டும் தப்பு. நான் சொன்னதாக சீனியரிடம் சொல்ல வேண்டாம்.

ஹாப்சன் குதிரைக்காரர். முழுப்பேர் தாமஸ் ஹாப்சன். 1544 வாக்கில் பிறந்தவர், 1631 ஜனவரி 1 அன்று செத்தார். கேம்பிரிட்ஜுக்கும் லண்டனுக்கும் நடுவே வண்டி ஓட்டிச் சரக்கும் கடிதமும் ஆளும் ஏற்றிப்போவது குலத்தொழில். அப்பாவும் வண்டிக்காரர்தான், சாகும்போது மகனுக்கு ஒரு வண்டியும் எட்டுக் குதிரைகளும் எழுதி வைத்தார். மகன் அதைப் பெருக்கி, வண்டி ஓடாத நேரத்தில் குதிரைகளைப் பல்கலைக்கழகப் பையன்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார். லாயத்தில் நாற்பது குதிரை நின்றதாகச் சொல்வார்கள்.

பையன்கள் வந்ததும் நல்ல குதிரையாகப் பார்த்துக் கையைக் காட்டுவார்கள். ஹாப்சன் விடமாட்டார். கதவுக்குப் பக்கத்தில் எது நிற்கிறதோ அதுதான். வேண்டுமா, எடு. வேண்டாமா, நடந்து போ. அவ்வளவுதான் ஹாப்சன்ஸ் சாய்ஸ்: தேர்வு மாதிரி தெரியும், உள்ளே ஒரே ஒரு பொருள்தான் இருக்கும்.

18 ஜூலை, இரவு

இருதலைக் கொள்ளி ஏன் சேராது என்று கேட்டிருக்கிறீர்கள். கொள்ளிக்கு இரண்டு முனை, இரண்டிலும் தீ. ஹாப்சனிடம் ஒரு முனைதான் உண்டு, அதில் தீயும் கிடையாது. அவர் கொடுக்கிற குதிரை நல்ல குதிரையாகவும் இருக்கலாம், அது பிரச்சினையே இல்லை. உங்களுக்குப் பொறுக்கும் உரிமை இல்லை என்பதுதான் விஷயம். ஹென்றி ஃபோர்டு, மாடல் டி கார் எந்த நிறத்தில் வேண்டுமானாலும் கிடைக்கும், கருப்பாக இருந்தால் சரி என்று சொன்னாரே, அது அச்சு அசல் ஹாப்சன்.

எந்தப் பக்கமும் அடி விழுவதற்கு ஆங்கிலத்தில் இன்னொரு ஆளின் பேர் உண்டு, மார்ட்டனின் கவை, அதாவது 'மார்ட்டன்ஸ் ஃபோர்க்'. ஏழாம் ஹென்றி காலத்து மந்திரி ஜான் மார்ட்டன், பேராயரும்கூட. ஆடம்பரமாக வாழ்கிறாயா, பணம் இருக்கிறது, ராஜாவுக்குக் கொடு. சிக்கனமாக வாழ்கிறாயா, அப்போது மிச்சம் பிடித்திருப்பாய், நீயும் கொடு. அந்த வசூல் தந்திரத்துக்கு அவர் பேர் ஒட்டிக்கொண்டது.

சீனியரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலேயே 1983-ல் சாதா என்பவர் சம்பந்தப்பட்ட வழக்கில் நீதிபதி ஒயிட் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில், நாடாளுமன்றத்துக்கு 'ஹாப்சன்ஸ் சாய்ஸ்' வந்துவிட்டது, ஒன்று இப்படிச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அப்படி, என்று இரண்டு வழி சொல்கிறார். இரண்டு வழி இருந்தால் ஹாப்சனுக்கு அங்கே என்ன வேலை? ஆனால் பெரிய இடத்திலேயே புழங்கியாகிவிட்டது, இப்போது அகராதிகளும் அந்த அர்த்தத்தை ஓரமாகச் சேர்க்க ஆரம்பித்துவிட்டன.

தத்துவஞானி விவகாரம்: சீனியர் நினைத்தது தாமஸ் ஹாப்ஸை. இரண்டு பேரும் தாமஸ், இரண்டு பேரும் ஒரே காலத்தில் இருந்தவர்கள். ஆங்கிலப் பத்திரிகைகளிலேயே 'ஹாப்சியன் சாய்ஸ்' என்று எழுதித் தொலைக்கிறார்கள்.

19 ஜூலை

கேள்வி கேட்டவர் அந்த வாக்கியத்தையே போட்டிருக்கிறார். அபராதம் முழுவதையும் கட்டிவிட்டு அப்பீல் போக வேண்டும், அல்லது அப்பீலையே கைவிட வேண்டும், மனுதாரருக்கு ஹாப்சன்ஸ் சாய்ஸ் என்கிறார் நீதிபதி. அவர் சொல்ல வந்தது இருதலைக் கொள்ளிதான். சொல்லை அவர் தப்பாக எடுத்திருக்கலாம், நீங்கள் அவர் கருத்தைத்தான் தமிழில் கொடுக்க வேண்டும், அவருக்குப் பாடம் எடுக்கக் கூடாது. ஆகவே 'இருதலைக் கொள்ளி' இருக்கட்டும். சீனியர் தப்பான வழியில் போய்ச் சரியான வீட்டுக்கு வந்துவிட்டார்.

குமாஸ்தா வேலை முடிந்தது. நான் முடிப்பதாக இல்லை.

19 ஜூலை, இரவு வெகுநேரம்

என் பெரிய மாமா கும்பகோணத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறைக்கு நான் அங்கேதான் கிடப்பேன். மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர், கல்லாவில் ஒரு நீள நோட்டு, பேர், நம்பர், எடுத்த நேரம். சனி ஞாயிறு வந்தால் பையன்கள் கூட்டம். எல்லாருக்கும் ஏழாம் நம்பர் வேண்டும். ஏழாம் நம்பரில் டைனமோ உண்டு, பெல் கணீரென்று அடிக்கும், செயின் கழலாது. மூன்றாம் நம்பருக்குப் பின் சக்கரத்தில் கோட்டம், அதை ஒருத்தனும் தொடமாட்டான்.

மாமா ஆரம்பத்தில் கேட்டதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். விளைவு, ஏழாம் நம்பர் காலையிலிருந்து ராத்திரி வரை ரோட்டில். குரங்குப் பெடல் போடுகிறவன் ஒருத்தன், பின்னால் தம்பியை உட்கார வைத்துக்கொண்டு போகிறவன் ஒருத்தன், மடத்துத் தெருக் கல்லில் இறக்குகிறவன் ஒருத்தன். ஒரே கோடையில் அந்த வண்டி கிழவியாகிவிட்டது. அதற்கப்புறம்தான் அவர் சட்டம் போட்டார்: வந்த வண்டி கடைசியில் நிற்கும், முன்னால் நிற்பதைத்தான் எடுக்க வேண்டும். பையன்கள் முதுகுக்குப் பின்னால் அவரை என்னென்னவோ சொன்னார்கள். இங்கே எழுத முடியாது.

ஹாப்சன் செய்ததும் இதுதான் என்று ரிச்சர்டு ஸ்டீல் 1712-லேயே 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகையின் 509-ஆம் இதழில் எழுதிவிட்டார். பையன்கள் குதிரையை வெரட்டு வெரட்டென்று வெரட்டுவார்கள். பொறுக்க விட்டால் நல்ல குதிரை நாலே மாதத்தில் செத்துப்போகும், நோஞ்சான் குதிரை லாயத்திலேயே தின்றுகொண்டு நிற்கும். சுற்று முறை வைத்தால் எல்லாக் குதிரைக்கும் ஓய்வு, எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே நியாயம். ஸ்டீல் இன்னொன்றும் சொல்கிறார், இங்கேதான் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. இந்தப் பழமொழியை வேறு கதியில்லாதவனுக்குச் சொல்வது தப்பு. நிறைய இருக்கிறது, ஆனால் பின்னால் வருகிறவனுக்குக் கெடுதல் வராதபடி எடுத்துக்கொள் என்பதுதான் அதன் சரியான பொருள் என்கிறார்.

யோசித்துப் பாருங்கள். இருநூறு முன்னூறு வருஷமாக உலகம் பூராவும் அந்த மனுஷனை அடாவடிக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

20 ஜூலை

'ஸ்டீல் சொன்னால் வேதமா?' என்று ஒருவர். நியாயமான கேள்வி. ஸ்டீல் எழுதும்போது ஹாப்சன் செத்து எண்பது வருஷம் தாண்டியாகிவிட்டது. அந்தக் கட்டுரையில் ஹாப்சனின் பேரையே 'டோபயஸ்' என்று போட்டிருக்கிறார். போதாததற்கு, 1660-லேயே சாமுவேல் ஃபிஷர் என்கிற குவேக்கர் சபைக்காரர் 'பழமொழி சொல்கிறபடி ஹாப்சனின் தேர்வு, இது அல்லது ஒன்றுமில்லை' என்ற தொனியில் எழுதிவிட்டார். ஆக ஸ்டீல் 'தப்பான' அர்த்தம் என்று சொல்வதுதான் பழசு. அவருடையது கொஞ்சம் பூசி மெழுகியது.

இருந்தாலும் தொழில் நியாயம் ஸ்டீல் பக்கம்தான். இதைக் கல்லாவுக்கு அந்தப்புறம் உட்கார்ந்தவனிடம் கேளுங்கள். முன்னால் நின்று கை நீட்டினவனிடம் கேட்டால் 'இது அல்லது ஒன்றுமில்லை' என்றுதான் சொல்வான். பழமொழியை உண்டாக்கினது அவன்தானே. அதிலும் படித்த பையன்கள், பேச்சைப் பரப்புவதற்கென்றே பிறந்தவர்கள்.

20 ஜூலை, சற்றுப் பொறுத்து

ஒன்று விட்டுவிட்டேன். சுற்று முறையில் குதிரைக்கு நல்லது, முதலாளிக்கு ரொம்ப நல்லது. வாடிக்கையாளருக்கு? நோஞ்சான் குதிரை வாய்த்தவனும் அதே வாடகைதானே கொடுத்திருப்பான். மாமா கடையிலும் மூன்றாம் நம்பருக்குத் தள்ளுபடி ஒன்றும் கிடையாது. 'நியாயம்' என்று ஸ்டீல் சொல்வதில் பாதி லாபக் கணக்கு. ஹாப்சன் செத்தபோது ஊரிலேயே பெரிய பணக்காரர்களில் ஒருவர், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

22 ஜூலை

'கஞ்சப்பயல், ஊருக்கு என்ன செய்தார்?' என்கிறவருக்கு: தண்ணீர் கொடுத்தார்.

கேம்பிரிட்ஜில் ட்ரம்பிங்டன் தெருவில் நடந்தால் ரோட்டின் இரண்டு ஓரத்திலும் கல் வாய்க்கால் ஓடும். கார் நிறுத்த வருகிற வெளியூர்க்காரர்கள் ஒரு சக்கரத்தை அதில் இறக்கிவிட்டு முழிப்பதை நானே பார்த்திருக்கிறேன். பெம்ப்ரோக் கல்லூரிப் பக்கம் ஓடுவதற்கு 'பெம்', எதிரே பீட்டர்ஹவுஸ் பக்கம் ஓடுவதற்கு 'பாட்'. ஊருக்குத் தெற்கே ஒன்பது ஊற்று என்ற இடத்திலிருந்து 1610-ஐ ஒட்டி வெட்டிக் கொண்டுவந்த கால்வாய், பேர் ஹாப்சனின் கால்வாய். ஊரும் பல்கலைக்கழகமும் சேர்ந்து வெட்டியது. ஹாப்சன் பணம் போட்டவர்களில் ஒருவர், பராமரிப்புக்கு நிலமும் எழுதி வைத்தார். மார்க்கெட்டில் நின்ற நீர்மாடத்தை 1856-ல் லென்ஸ்ஃபீல்டு ரோட்டு முனைக்குப் பெயர்த்துக் கொண்டுபோய் வைத்தார்கள். இன்றும் அங்கேதான் நிற்கிறது.

வேடிக்கை என்னவென்றால் யோசனை அவருடையது அல்ல. 1574-லேயே ஆண்ட்ரூ பெர்ன் சொன்னது. இந்தப் பெர்னைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். பீட்டர்ஹவுஸ் தலைவர். கத்தோலிக்க ராணி மேரி வந்தால் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் எலிசபெத் வந்தால் புராட்டஸ்டண்ட். மேரி காலத்தில் மார்ட்டின் பூசர் என்ற செத்துப்போன புராட்டஸ்டண்ட் அறிஞரின் எலும்பைத் தோண்டி எரித்தார்களே, அப்போது பூசருக்கு எதிராகப் பிரசங்கம் செய்தவர் இவர். 1560-ல் அதே பூசருக்கு மரியாதையைத் திருப்பிக் கொடுத்த சபைக்குத் தலைமை தாங்கியவரும் இவர்தான். பையன்கள் அவர் பேரிலிருந்து லத்தீனில் ஒரு வினைச்சொல்லே செய்துவிட்டார்கள், 'பெர்னோ', அதாவது கட்சி மாறுகிறேன். அவர் வைத்த காற்றுத்திசை காட்டியில் ஏ, பி என்ற எழுத்துகள் இருந்தனவாம். ஒரு பக்கம் திரும்பினால் 'ஏ பாப்பிஸ்ட்' (கத்தோலிக்கர்), இன்னொரு பக்கம் 'ஏ புராட்டஸ்டண்ட்', வேண்டுமானால் 'ஏ ப்யூரிட்டன்' (கறாரான புராட்டஸ்டண்ட்) என்று படித்துச் சிரிப்பார்களாம்.

எதையும் மாற்றி எடுத்தவர் கால்வாயை நினைத்தார், எதையும் மாற்றி எடுக்க விடாதவர் பேர் அதற்கு நின்றது. நம் ஊர்ச் சட்டமன்றத்துக்கு 'பெர்னோ' ரொம்பத் தேவைப்படுகிற சொல் என்று தோன்றுகிறது, ஆனால் இங்கே அரசியல் பேசக் கூடாது.

23 ஜூலை

கவிஞர் மில்டன் ஹாப்சனைப் பற்றிப் பாட்டு எழுதினாரா என்று கேட்டவருக்கு: ஆமாம், ஒன்றல்ல, இரண்டு. ஹாப்சன் சாகும்போது மில்டனுக்கு 22 வயது, அதே ஊரில் கிறிஸ்ட் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். கொள்ளைநோய் வந்து லண்டன் பயணத்தைத் தடை செய்துவிட்டார்கள். எண்பத்தைந்து வயதுக்கு மேலும் வாராவாரம் வண்டியோடு போய்வந்த கிழவர் வீட்டில் உட்கார்ந்தார், போய்ச் சேர்ந்தார். ஓடுகிற வரைக்கும் சாவு பிடிக்க முடியவில்லை, நின்றதும் பிடித்துவிட்டது என்பதுதான் இரண்டு பாட்டிலும் சாரம், மேலே முழுக்கச் சிலேடை. சொர்க்கம் நரகம் என்று பிற்காலத்தில் அவ்வளவு பெரிய காவியம் எழுதின ஆள் இளவயதில் வண்டிக்காரரை வைத்து இப்படி விளையாடியது எனக்குப் பிடிக்கிறது. காளமேகத்திடம் கொடுத்திருந்தால் இரண்டே வெண்பாவில் முடித்திருப்பார்.

ஹாப்சனைப் புதைத்தது புனித பெனட் தேவாலயத்தில். கல்வெட்டு ஒன்றும் கிடையாது.

24 ஜூலை

கால்வாயைப் பாராட்டினேன், இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1628-ல் ஹாப்சன் நிலம் கொடுத்து ஒரு 'நூற்பு வீடு' அமைந்தது. வேலையில்லாத ஏழைகளுக்கு வேலை, அடங்காதவர்களுக்குத் திருத்தம் என்பது நோக்கம். போகப்போக அது பெண்கள் சிறையாயிற்று. பல்கலைக்கழகத்துக்குப் பழைய அரச பட்டயம் ஒன்று இருந்தது. மாணவர்களோடு திரிகிற, 'சந்தேகத்துக்குரிய' பெண்ணைப் பல்கலைக்கழக அதிகாரிகளே பிடித்து, துணைவேந்தரே விசாரித்து உள்ளே தள்ளலாம். மாணவனுக்கு ஒன்றும் ஆகாது. 1891-ல் டெய்ஸி ஹாப்கின்ஸ் என்ற 17 வயதுப் பெண்ணைப் பிடித்தார்கள். குற்றச்சாட்டு, 'பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒருவருடன் நடந்து சென்றது'. லண்டன் நீதிமன்றம், நடந்து போவது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று கேட்டு விடுவித்தது. ஊர் கொதித்தது, 1894-ல் அந்த அதிகாரத்தைச் சட்டம் போட்டுப் பறித்தார்கள். கட்டடத்தை 1901-ல் இடித்தார்கள்.

தேர்வே இல்லாத தேர்வு யாருக்காவது வாய்த்தது என்றால் அந்தப் பெண்களுக்குத்தான். ஆனால் பழமொழி குதிரை கிடைக்காத பையன்களிடமிருந்து வந்தது.

24 ஜூலை, இரவு

ஹாப்சன் என்றால் என்ன அர்த்தம் என்று ஒருவர் கேட்கிறார். ராபர்ட்டைச் செல்லமாக ராப் என்பார்கள். அதையே எதுகை மாற்றி ஹாப், டாப், நாப் என்று கூப்பிடும் பழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது. ஹாப்பின் மகன் ஹாப்சன், டாப்பின் மகன் டாப்சன், ராப்பின் மகன் ராப்சன். ஹாப்ஸும் அதே வேர், ஹாப்கின்ஸும் அதே வேர். தத்துவஞானி, குதிரைக்காரர், சிறைக்குப் போன டெய்ஸி மூன்று பேருக்கும் எங்கோ மேலே ஏதோ ஒரு ராபர்ட்.

26 ஜூலை

பெரிய குறிப்பு எழுத நேரமில்லை. லண்டன் தெருப்பேச்சில் 'ஹாப்சன்ஸ்' என்றால் குரல். சாய்ஸுக்கு வாய்ஸ் எதுகை, எதுகையை விழுங்கிவிட்டு முன்பாதியை மட்டும் சொல்வார்கள். பாடகருக்குத் தொண்டை கட்டினால் ஹாப்சன்ஸ் போச்சு.

29 ஜூலை, மொகரம்

இன்றைக்கு இதைத்தான் எழுத வேண்டும்.

'ஹாப்சன்-ஜாப்சன்'. 1886-ல் வந்த ஆங்கில-இந்திய அகராதி. ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும் சேர்ந்து தொகுத்தது. மொகரம் ஊர்வலத்தில் மார்பில் அடித்துக்கொண்டு 'யா ஹஸன், யா ஹுஸைன்' என்று முழங்குவது வெள்ளைக்காரச் சிப்பாய் காதில் 'ஹாப்சன்-ஜாப்சன்' என்று விழுந்தது. அதற்கு இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஃப்ரையர் என்ற வைத்தியர் 'ஹாஸ்ஸி காஸ்ஸி' என்று எழுதி வைத்திருக்கிறார். நபியின் பேரன்கள் இருவருக்கான ஓலம் இரண்டு கிராமத்து ஆங்கிலேயர் பேராக மாறிப்போனது. அதையே யூல் புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்தார். அந்தக் காலத்திலேயே இது சரியில்லை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கும் அந்தத் தலைப்பில் ஒரு உறுத்தல் இருக்கிறது, புத்தகத்தை மட்டும் கீழே வைக்க முடியாது.

பர்னல் நம்மூர் ஆள் மாதிரி. மதராஸ் சிவில் சர்வீஸ், தஞ்சாவூரில் ஜட்ஜ். சரஸ்வதி மகால் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர், தென்னிந்திய எழுத்துகளின் வரலாற்றை 1874-ல் எழுதினவர். அகராதி அச்சாகி வருவதற்கு முன்பே 1882-ல் போய்விட்டார், நாற்பத்திரண்டு வயதுதான். கட்டுமரம், சுருட்டு, கஞ்சி, மிளகுத்தண்ணி எல்லாம் ஆங்கிலத்துக்குள் போன பாதையை அதில் பார்க்கலாம். யுவராஜா 'அப்பர் ரோஜர்' ஆனதும் அதில்தான் இருக்கிறது. ரோஜர், அதுவும் மேல் ரோஜர்!

வெளிச்சொல்லைத் தன் வாய்க்குப் பழகின சொல்லாக மாற்றிக்கொள்வதற்கு மொழியியலில் 'ஹாப்சன்-ஜாப்சன் விதி' என்றே பேர் வைத்துவிட்டார்கள். நாமும் சளைத்தவர்கள் இல்லை. சென்னையில் ஹாமில்டன் பாலம் என்று ஒன்று இருந்தது. ஜனங்கள் வாயில் ஹாமில்டன் 'அம்பட்டன்' ஆனான், அம்பட்டன் பாலத்தை மறுபடி இங்கிலீஷில் போட்டபோது 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' ஆயிற்று என்பார்கள். இப்போது அம்பேத்கர் பாலம்.

தஞ்சாவூர்ப் பக்கம் சில கிராமங்களில் இந்துக்களே மொகரத்துக்கு விரதம் இருந்து பூக்குழி இறங்குவார்கள், அல்லா பண்டிகை என்பார்கள். பர்னல் அந்த முழக்கத்தைத் தஞ்சாவூரில் எந்த வாயிலிருந்து கேட்டிருப்பாரோ.

30 ஜூலை

'பெரிய ஆட்கள்' பட்டியல் பாக்கி. முத்த மன்னனில் ஆரம்பிக்கிறேன்.

ரிச்மண்ட் பியர்சன் ஹாப்சன், அமெரிக்கக் கடற்படை. 1898-ல் ஸ்பெயினோடு சண்டை. கியூபாவின் சாண்டியாகோ துறைமுக வாயை அடைக்க 'மெரிமேக்' என்ற கரிக்கப்பலைக் குறுக்கே மூழ்கடிக்கப் போனார். கப்பல் சரியான இடத்தில் மூழ்கவில்லை, வாய் அடைபடவில்லை, அவரும் ஆட்களும் கைதி. ஊருக்குத் திரும்பினால் வீரர்! ரயிலில் ஊர் ஊராகப் போகும்போது பெண்கள் வரிசையில் நின்று முத்தம் கொடுத்தார்கள், பத்திரிகைகள் எண்ணிக்கை போட்டன. அந்தப் புகழ் அவரைக் கடைசி வரை விடவில்லை. பிறகு அலபாமாவிலிருந்து அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகி மதுவிலக்குக்குப் பாடுபட்டார்.

வரிசையில் யார் முன்னால் நிற்கிறாரோ அவருக்குத்தான் முத்தம் என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். அபாரம். நான் யோசிக்காமல் போனேன்.

1 ஆகஸ்ட்

வில்லியம் ஹாப்சன் வேறு வகை. அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டில் பிறந்த கடற்படை கேப்டன். மெல்பர்னில் ஹாப்சன்ஸ் பே இவர் பேரில்தான். 1840 ஜனவரி கடைசியில் நியூசிலாந்தில் இறங்கினார். கையில் வேலை ஒன்றுதான், அந்நாட்டுப் பழங்குடிகளான மாவோரிகளின் தலைவர்களிடம் கையெழுத்து வாங்கி நாட்டை விக்டோரியா ராணிக்குச் சேர்ப்பது. ஒப்பந்தத்தைப் பாதிரியார் ஹென்றி வில்லியம்ஸும் மகனும் ஒரே ராத்திரியில் மாவோரியில் ஆக்கினார்கள். பிப்ரவரி 6, வைதாங்கியில் கையெழுத்து. ஆங்கிலத்தில் இறையாண்மையைக் கொடுத்தார்கள் என்று இருக்கிறது. மாவோரியில் நிர்வாகத்தைக் கொடுத்தார்கள் என்று இருக்கிறது, தலைமை தங்களிடமே என்றும் இருக்கிறது. இன்று வரை அந்த நாட்டில் வழக்கு இதன் மேல்தான்.

கையெழுத்து ஆரம்பிக்கும் நேரத்தில் குறுக்கே எழுந்து, இவர்களுக்கு இது புரிந்ததா என்று ஹாப்சனைக் கேட்டவர் ஒருவர் உண்டு. மாவோரி வாசகத்தை அச்சடித்த வில்லியம் கொலென்ஸோ. புரியாவிட்டால் அது என் தப்பில்லை என்கிற தோரணையில் ஹாப்சன் பதில் சொன்னார். மே மாதம், வடக்கிலும் தெற்கிலும் கையெழுத்து வாங்கப் போனவர்கள் திரும்பி முடிவதற்குள்ளேயே நாடு முழுவதும் ராணிக்கு என்று பிரகடனம் போட்டார். 1842-ல் ஆக்லாந்தில் இறந்தார், ஐம்பது நிறையவில்லை.

குதிரைக்கார ஹாப்சன் வேண்டாம் என்றால் நடந்து போகலாம் என்றாவது விட்டார்.

1 ஆகஸ்ட், மறுபடி

கொலென்ஸோ என்றதும் சிலருக்குப் பொறி தட்டியிருக்கும். அதே ஆள்தான். சில வருஷம் முன்னால் நியூசிலாந்தின் வடக்குப் பகுதியில் மாவோரிகள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, இரும்புப் பானை ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொண்டார். அது பாத்திரம் இல்லை, உடைந்த கப்பல் மணி. சுற்றிலும் தமிழெழுத்து: முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று. இப்போது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'தமிழன் கொலம்பஸுக்கு முந்தி' கோஷ்டி தயவுசெய்து கிளம்ப வேண்டாம். அந்த எழுத்து அவ்வளவு பழசில்லை. கப்பல் எப்படி அங்கே போயிற்று என்பதற்கு ஆளாளுக்கு ஒரு ஊகம்.

3 ஆகஸ்ட்

பொருளாதாரக்காரரை விட்டுவிட்டீர்கள் என்று தோழர் ஒருவர் கோபப்படுகிறார். ஜான் அட்கின்சன் ஹாப்சன், 1858 முதல் 1940 வரை. போயர் சண்டை மூளும் நேரத்தில் மான்செஸ்டர் கார்டியனுக்காகத் தென்னாப்பிரிக்கா போனார், திரும்பி வந்து 1902-ல் ஏகாதிபத்தியம் பற்றிய புத்தகம் எழுதினார். உள்நாட்டில் கூலி குறைவு, வாங்க ஆளில்லை, மிஞ்சிய முதல் வெளிநாடு தேடி ஓடுகிறது, பின்னாலேயே பட்டாளமும் ஓடுகிறது என்பது வாதம். லெனின் 1916-ல் எழுதியபோது இதிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டார், ஒப்புக்கொண்டும் எடுத்தார். ஹாப்சனுக்கு மார்க்ஸியம் ஒத்துவராது, லிபரல். யூதர்களைப் பற்றி அவர் எழுதியதில் சில பக்கங்கள் படிக்கவே கூசும், அதைத் தோழர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எனக்கு அவரைவிட அவர் கூட்டாளிதான் பிடிக்கும். 1889-ல் அதிகச் சேமிப்பே மந்தத்துக்குக் காரணம் என்று ஹாப்சன் எழுதிய புத்தகத்தில் கூட எழுதினவர் ஏ. எஃப். மம்மரி, தொழிலதிபர், மலையேறி. சிக்கனத்தைக் குறை சொன்னதற்காக ஹாப்சனுக்கு லண்டனில் பொருளாதாரம் கற்பிக்கும் வாய்ப்பே போயிற்று. பிறகு பொருளாதார மேதை கீன்ஸ் அந்தப் புத்தகத்தைத் தூக்கி வைத்துப் பேசினார். மம்மரி அதைப் பார்க்க இல்லை. 1895-ல் நங்க பர்வதத்தில் ஏறப்போய் இரண்டு கூர்க்காக்களோடு மறைந்தார்.

5 ஆகஸ்ட்

மிச்சப் பேர்களை ஒரே மூச்சில். பெர்சி ஹாப்சன், உயரம் தாண்டுபவர், 1962-ல் பெர்த் காமன்வெல்த் போட்டியில் தங்கம். அந்தப் போட்டிகளில் தங்கம் வாங்கிய முதல் ஆஸ்திரேலியப் பழங்குடி. ஆலன் ஹாப்சன், 1977-ல் மெக்கார்லியோடு சேர்ந்து, மூளைத்தண்டு தாறுமாறாக அனுப்பும் சைகைகளுக்கு மூளை கதை கட்டுவதுதான் கனவு என்றவர். பொறுக்கிக்கொள்ள முடியாது, வந்ததைப் பார், இதுவும் குடும்பச் சொத்துதான். நடிகை வலெரி ஹாப்சன், 1963-ல் கணவர் ப்ரொஃப்யூமோ மந்திரி பதவியை இழந்த பாலியல் விவகாரத்திலும் கூடவே நின்றவர். மெலடி ஹாப்சன், சிகாகோ முதலீட்டு நிறுவனத்தின் தலைமை, ஜார்ஜ் லூகாஸின் மனைவி.

ஜூலியஸ் ஹாப்சனுக்கு மட்டும் தனி வரி. வாஷிங்டனில் கருப்பின மக்களுக்காகப் போராடியவர். ஏழைகள் பகுதியில் எலித்தொல்லை, மாநகராட்சி கண்டுகொள்ளவில்லை. 1964-ல் எலிகளைப் பிடித்துக் கூண்டில் போட்டு, கார் மேல் கட்டி, பணக்காரர்கள் இருக்கும் ஜார்ஜ்டவுனில் அவிழ்த்துவிடப் போகிறேன் என்றார். எலி ஒழிப்பு வேலை உடனே அந்தப் பக்கம் வந்துவிட்டது. 1967-ல் பள்ளிகளில் கருப்பினப் பிள்ளைகளைக் கீழ்வகுப்புப் பிரிவுகளில் தள்ளும் முறைக்கு எதிராக அவர் போட்ட வழக்கில் ஜெயித்தார். 'ஹாப்சன் எதிர் ஹான்சன்' என்று சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. குமாஸ்தா, உங்கள் சீனியரிடம் இந்த வழக்கைச் சொல்லுங்கள், இவர் பேரை ஹாப்ஸோடு குழப்பமாட்டார்.

6 ஆகஸ்ட்

'டாப்சன் பற்றி எழுதுங்கள்' என்று ஒருவர். முடியாது. வேறு யாராவது புது இழை ஆரம்பியுங்கள், நான் வந்து தொந்தரவு செய்கிறேன்.